தாயத்து செல்வியின் கையில் இருந்தது

மகளே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "எம்மா, இங்கன என் படிப்பு முடியப் போகுது. இன்னும் ஒரு வருசம் இருந்து, அப்பந்தான் பெறந்த பிள்ளைகளுக்கு ஸ்கேன் பாக்குததையும் தனியாக் கத்துக்கோன்னு பெரிய டாக்டர் சொல்லுதாவ. இருக்கட்டுமா, வந்துரட்டுமா? நீ சொல்லுததுதான்" என்றாய். கடையில் ஆள் நிற்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பச்சைப் பொய். அப்போது கடையில் ஈ காக்கை இல்லை. மழை பெய்து தெருவெல்லாம் கரிசல் சேறு, வளையல் வாங்க எவள் வருவாள்? போனில் சொன்னால் பாதியில் அழுகை வந்துவிடும். நான் அழுதால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். "உங்க மக எப்பம் வாரா, எப்பம் ஸ்கேன் சென்டர் தொறக்கா?" என்று கேட்கிற கோவில்பட்டிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் வாய் வலிக்கப் பதில் சொல்ல இனிமேல் என்னால் ஆகாது.

நீ எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கிற மேல்படிப்பை முடித்தபோதே ஊருக்கு வந்துவிடுவாய் என்றுதான் நான் இருந்தேன். கடைக்குப் பக்கத்து அறையை வெள்ளையடித்து வைத்தேன். பூட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன். நீ என்னவென்றால், குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கிற படிப்பு ஒன்று இருக்கிறது, அதைப் படிக்கச் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எலும்பு எலும்புதானட்டி? பெரியவுகளுக்கு ஒரு எக்ஸ்ரே, பிள்ளைகளுக்கு ஒரு எக்ஸ்ரேயா?" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. கடைக்குள் போய், கைக்குழந்தை வளையல் ஒன்றை எடுத்து வந்து என் கையில் போட்டுப் பார்த்தாய். என் விரல் நுனியிலேயே நின்றுவிட்டது. "வளையல் வளையல்தானம்மா, போட்டுக்கோ" என்றாய். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் இரண்டு மாதம் உன்னிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அப்படி ஒரு வீம்பு எனக்கு.

அந்த வீம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் உன்னிடமிருந்து அந்த போன் வந்தது. "எம்மா, கடையில அரணாக்கயிறு எவ்வளவு இருக்கு? கருப்புல ஒரு பெரிய கட்டு அனுப்பு. சின்னப் பிள்ளைக இடுப்புக்கு." எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதற்கு என்று கேட்டால், வந்து பார் என்கிறாய். இத்தனை வருடம் படித்து டாக்டராகிச் சென்னைக்குப் போனவளுக்கு எதற்கு அரைஞாண் கயிறு? ஒருவேளை அங்கே சைடாக ஒரு பேன்சி ஸ்டோர் வைத்துவிட்டாளோ என்று செல்வியிடம் பொருமினேன். பொருமினாலும் நல்ல கயிறாகப் பார்த்து, சாயம் போகாததாக எடுத்து, நானே பார்சல் கட்டி அனுப்பினேன். பிள்ளைகள் இடுப்பில் கட்டுகிற பொருளில் மட்டம் எது, உசத்தி எது என்று எனக்குத் தெரியும் அல்லவா?

செல்வியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இடைசெவலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து என் கடையில் வேலை செய்கிறவள். அவள் வீட்டுக்காரன் மாரியப்பன் லோடு வேன் ஓட்டுகிறவன். அவர்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், அப்புறம் பிறந்தவன் சுடலை. எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலில் வைத்துக் கட்டிய அரைஞாண் கயிறு, அதில் ஒரு செம்புத் தாயத்து. நாலு வயதுப் பயல். வாய் ஓயாது. கடைக்கு வந்தால் ரிப்பன் சுருளையெல்லாம் அவிழ்த்துவிட்டு என்னிடம் திட்டு வாங்காமல் போக மாட்டான்.

அந்தப் பயல் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒன்றுக்குப் போகும்போது அழுதான். கொஞ்சம் வரும், பாதியில் நின்றுவிடும், காலை உதைத்துக்கொண்டு கத்துவான். நம் ஊரில் இதற்கு யாரும் யோசிப்பதே கிடையாது. சூடு. கரிசல் வெயில், உப்புத் தண்ணீர், சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னேன். நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். வெந்தயம், மோர், இளநீர் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவன் வலிக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினான். அப்புறம் எந்நேரமும் டிரவுசரிலேயே சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்தான். "வேணும்னே செய்யுதான்க்கா, அடம்" என்று செல்வி சொன்னாள். மாரியப்பன் அடித்தான். நானும் "இத்தனை பெரிய பயல், வெக்கமா இல்லையால?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒருநாள் நான்தான் பிடிவாதம் பிடித்து ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். படுக்கவைத்து ஆளுக்கு ஒரு கையையும் காலையும் பிடித்தோம். பயத்தில் இருந்ததெல்லாம் பெய்துவிட்டான். மூத்திரப் பை நிறைந்திருந்தால்தான் தெரியும், இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கிற தம்பி தாயத்தைக் கழற்றச் சொன்னான். அவ்வளவுதான், மாரியப்பன் எழுந்துவிட்டான். அவனுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். "சாமிக்குக் கட்டுன கயித்த அவுக்கச் சொல்ல நீ யாருல? நாங்க எத்தன பிள்ளைக்கிக் கயிறு வித்துருக்கோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று அந்தத் தம்பியை ஒரு வழி பண்ணிவிட்டேன். பாவம், அவன் தாயத்தோடேயே படம் எடுத்துக் கொடுத்தான். படத்தில் அடிவயிற்றில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்: அது தாயத்து.

நீ வீடியோ காலில் வந்த அன்று, செல்வி பின்னால் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து விசாரித்தாய். படத்தை அனுப்பச் சொன்னாய். நான் எதிர்பார்த்தது ஒரு மாத்திரை பெயர். நீ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாய். அப்புறம், "எம்மா, இந்தத் தாயத்து நிக்குத எடத்துலதான் நான் பாக்கணும். இத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. பையனக் கூட்டிக்கிட்டு வா" என்றாய். என்னவாக இருக்கும் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். "பாக்காம எப்படிம்மா சொல்லுவேன்?" என்றாய். எனக்கு அதற்கும் கோபம் வந்தது. அப்படித்தான் சென்னைக்கு வந்தேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, செல்வியையும் மாரியப்பனையும் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நீ உள்ளே பாடத்தில் இருந்தாய். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்திருக்க, நீ முன்னால் நின்று ஒரு படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தபோது உன் குரல் கேட்டது. யாரோ ஒன்று கேட்க, "தெரியல மேடம், படிச்சிட்டு நாளைக்குச் சொல்லுறேன்" என்றாய். யாரும் சிரிக்கவில்லை. அந்த மேடம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நான் அப்படியே நின்றுவிட்டேன் மகளே. நம் ஊரில் தெரியாது என்று சொல்கிறவனை நீ பார்த்திருக்கிறாயா? வழி கேட்டால்கூட ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுவார்களே தவிர, தெரியாது என்று ஒருவன் சொல்ல மாட்டான். என் மகள் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்று சொல்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்குப் பார்த்த இன்னொன்றும் மனதில் நிற்கிறது. வராந்தாவில் ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு வீட்டளவு மிஷின். அதற்குள் படுக்கவைக்க வேண்டுமாம், அசையக் கூடாதாம். மயக்க ஊசி போடாமல், பசியாறித் தானாகத் தூங்கட்டும் என்று நர்ஸ், டெக்னீசியன், நீ, எல்லோரும் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் காத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் குழந்தை ஒருமுறை கண் சொக்கும், மறுபடி முழித்துச் சிரிக்கும். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் தும்மல் வந்ததை மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டேன். எலும்பு எலும்புதானே என்று கத்தியவள் வாயை மூடிக்கொண்டு ஒரு குழந்தை தூங்குவதற்காக உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் சுடலை. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே செல்வியின் சேலைக்குள் போய்விட்டான். நீ கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாய். அவனைப் படுக்கச் சொல்லவே இல்லை. "நீ இங்கன அம்மா மடியிலயே இரி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். மூத்திரப் பை நிறையட்டும் என்று மோரைக் கொடுத்தாய், பேச்சுக் கொடுத்தாய், வேன் ஓட்டத் தெரியுமா என்று கேட்டாய். அந்த வழவழப்பான மருந்தைச் சூடுபடுத்தி முதலில் உன் கையில் தடவினாய், அப்புறம் அவன் கையில், அப்புறம் அவன் வயிற்றில். ஸ்கேன் கருவி அவன் வயிற்றில் ஏறியதே அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. கைக்குழந்தைக்கு வளையல் ஏற்றும்போது நான் செய்கிற வேலை அது. பேசிக்கொண்டே கையைப் பிசைந்து பிசைந்து, பிள்ளை சிரிக்கிற நேரத்தில் உள்ளே தள்ளிவிடுவேன். சின்ன வயதில் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறேன் என்று என்னை ஏமாற்றிவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா நீ?

திரையில் என்ன தெரிந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. அவனை ஒரு பக்கமாகத் திரும்பச் சொன்னாய். மறுபக்கம் திரும்பச் சொன்னாய். உன் பின்னால் நின்றிருந்த பெரிய டாக்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். அவர் கண்ணாலேயே சரி என்றார். "இதே மாதிரி மேல வேற எங்கயும் இருக்கான்னு பாக்கணும். ஒரே ஒரு எக்ஸ்ரே எடுப்போம். ஆனா தாயத்து இருக்கக் கூடாது" என்றாய். மாரியப்பன் எழுந்துவிட்டான்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதீக. ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவன் நான். இந்தக் கயித்த அறுக்க மாட்டேன். படம் எடுக்காட்டாலும் பரவால்ல, ஊருக்குப் போறோம்."

நீ மேஜை டிராயரைத் திறந்தாய். உள்ளே நான் கட்டி அனுப்பிய கயிற்றுக் கட்டு. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, வெறும் இடுப்பா எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது. எனக்கும் தெரியும். புதுசக் கட்டிட்டுத்தான் பழச அறுப்போம். நம்ம ஊர்ல அப்படித்தான? இது கோவில்பட்டிக் கயிறு, எங்க அம்மா கடைக் கயிறு. நீங்களே ஒங்க கையால கட்டுங்க. பழச நான் தொட மாட்டேன், கீழயும் போட மாட்டேன். செல்வி கையில குடுங்க. படம் எடுத்து முடிச்சதும் தாயத்த இதுல கோத்துக்கிடலாம்."

மாரியப்பன் உன்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "கட்டுல" என்றேன் நான். அவன் குனிந்து மகன் இடுப்பில் புதுக் கயிற்றைக் கட்டினான். பழையதை அவனே அறுத்துச் செல்வியின் கையில் வைத்தான். அவள் அதைக் கண்ணில் ஒற்றிப் பொத்திக்கொண்டாள்.

பிற்பாடு நான் கேட்டபோதுதான் நீ சொன்னாய். நீ சேர்ந்த புதிதில், யாரோ அவசரத்தில் ஒரு குழந்தையின் அரைஞாண் கயிற்றைக் கத்திரிக்கோலால் வெட்டிவிட்டார்கள். அதன் அப்பா சண்டை போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. "அந்தப் பிள்ள என்ன ஆச்சின்னு எனக்கு இன்னமும் தெரியாதும்மா" என்றாய். அதற்கு அப்புறம்தான் எனக்குப் போன் பண்ணிக் கயிறு கேட்டிருக்கிறாய். பேன்சி ஸ்டோர் வைத்துவிட்டாளோ என்று பொருமின என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

படம் திரையில் வந்தது. எங்களையும் கூப்பிட்டுக் காட்டினாய். முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு, எல்லாம் சின்னச் சின்னதாக. அடிவயிற்றில், அதே இடத்தில், வெள்ளையாக ஒன்று.

மாரியப்பன் சட்டென்று சொன்னான், "அது தாயத்துல்லா?"

நீ மெதுவாகச் சொன்னாய், "தாயத்து செல்வி கையில இருக்கு அண்ணாச்சி."

செல்வி விரலை விரித்தாள். செம்புத் தாயத்து உள்ளங்கையில் கிடந்தது. படத்தில் அந்த வெள்ளை அப்படியே நின்றது. நாங்கள் மூன்று பேரும் கையைப் பார்த்தோம், படத்தைப் பார்த்தோம், மறுபடி கையைப் பார்த்தோம். மூத்திரப் பையில் கல், அது உருண்டு வந்து வழியை அடைக்கும்போதுதான் பாதியில் நிற்கிறது, அந்த வலியைப் பெரியவர்களாலேயே தாங்க முடியாது என்று நீ விளக்கினாய். மாரியப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, "வலிக்குன்னு அழுத பிள்ளைய அடம்னு அடிச்சனே, ஏ சாமி" என்று தலையில் அடித்துக்கொண்டான். நீ அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சுடலையிடம் போய்க் குனிந்து, "நீ அடம் பிடிக்கல. ஒனக்கு நெசமாவே வலிச்சிருக்கு. நான் படத்துல பாத்துட்டேன்" என்றாய். அத்தனை மாதத்தில் அந்தப் பிள்ளையிடம் முதன்முதலாக அதைச் சொன்னவள் நீதான். அவன் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், கொண்டைக்கடலை அளவு அந்தக் கல்லைக் காட்டினார்கள். செல்வி அதை ஊருக்குக் கொண்டுவந்து தெருவெல்லாம் காட்டியது தனிக்கதை. இப்போது இடைசெவலில் எந்தப் பிள்ளைக்கு நீர் கடுத்தாலும் சூடு என்று சொல்வதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அந்த எக்ஸ்ரே தம்பியை நானே தேடிப்போய், அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். கையில் ஒரு கயிற்றுக் கட்டையும் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் பயந்துதான் போனான், மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நீ வேண்டும். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? உங்க அப்பா போய்ச் சேர்ந்த பிறகு கடையைச் சாத்திவிட்டு மாடிக்கு ஏறினால் பேச ஒரு ஆள் இல்லை. முழங்கால் வேறு படியைக் கண்டாலே மக்கர் பண்ணுகிறது. வெள்ளையடித்த அந்த அறையை வாரத்துக்கு ஒருமுறை திறந்து கூட்டிவிட்டுத்தான் பூட்டுகிறேன். போனில் நீ கேட்டபோது "வந்துருட்டி" என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லாமல் இருக்கத்தான் போனை வைத்தேன்.

இன்றைக்குச் சாயங்காலம் செல்வி சுடலையைக் கடைக்குக் கூட்டி வந்திருந்தாள். பயல் பழையபடி ஆகிவிட்டான், ரிப்பன் ஒன்றும் உருப்படியாக இல்லை. நான் வாடிக்கையாளருக்கு வளையல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினால், கடைப் படியில் ஏறி நின்று, டிரவுசரை இறக்கிவிட்டு, தெருவைப் பார்த்து ஒன்றுக்கு அடித்துக்கொண்டிருந்தான். நிற்கவே இல்லை. வளைந்து, தெருவோரத்துக் கரிசல் சேற்றில் போய் விழுந்தது. இடுப்பில் நீ கொடுத்த கருப்புக் கயிறு, அதில் அந்தத் தாயத்து. "பெரியம்மா! இங்கன பாரு, எவ்வளவு தூரம் போகுதுன்னு! வலிக்கவே இல்ல!" என்று கத்தினான். என் கடை வாசலில் ஒருவன் எச்சில் துப்பினாலே நான் என்ன பாடு படுத்துவேன் என்று உனக்குத் தெரியும். செல்வி பதறி ஓடினாள். "அவன விடுட்டி, முடிச்சிட்டு வரட்டும்" என்றேன். வளையல் வாங்க வந்தவள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மேலே வந்து எழுத உட்கார்ந்தேன். இரு மகளே. அந்த ஒரு வருடத்தையும் இருந்து படி. வாய் பேசத் தெரிந்த பயலையே நாங்கள் அத்தனை மாதம் நம்பவில்லை. பிறந்த குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்? நாளைக்குக் காலையில் கயிறு பார்சல் போடுகிறேன். இந்த முறை இன்னும் சின்ன அளவாக வெட்டி வைத்திருக்கிறேன், பிறந்த பிள்ளை இடுப்புக்குத் தகுந்த மாதிரி.

உன் அம்மா